சுசுமு என்றால் என்ன பொருள்?

கேள்வி இது: "தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சொன்ன சுசுமு ஓனோவைப் பற்றிக் கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன். 'சுசுமு' என்ற பெயருக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது? நம்முடைய 'சுறுசுறுப்பு'தான் அங்கே போய் சுசுமு ஆனது என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். சரியா?"

சுறுசுறுப்பை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். அப்படிச் சொல்ல ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. சுசுமு என்பது ஜப்பானிய மொழியின் சொந்த வினைச்சொல். முன்னே செல்லும், முன்னேறும் என்று பொருள். ஆண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். அவ்வளவுதான் என்று முடித்துவிடலாம், ஆனால் அப்படி முடித்தால் உங்கள் கட்டுரையில் பாதிதான் சரியாக இருக்கும். ஜப்பானியப் பெயரில் காதுக்கு ஒரு பொருள், அதை எழுதும் சீன எழுத்தால் கண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. ஓனோவின் பெயரில் இரண்டும் ஒரே இடத்தில் இல்லை.

காதில் விழுவதை முதலில் பார்ப்போம். ஜப்பானிய அகராதியில் வினைச்சொற்கள் எல்லாம் உகர ஓசையில் முடியும். சுசுமு அப்படி ஒன்று. சுசுண்ட என்றால் முன்னேறியது. சுசுமனை என்றால் முன்னேறாது. சுசுமே என்றால் முன்னேறு என்ற கட்டளை. பெயராக வைப்பது இந்த அகராதி வடிவத்தையேதான், எதையும் ஒட்டாமல், வெட்டாமல். இதற்கு நேரான தமிழ் வடிவம் எது என்று மாணவர்கள் கேட்பார்கள். 'முன்னேற்றம்' என்று எழுதிக்கொள்வார்கள். அது பெயர்ச்சொல், பொருந்தாது. 'முன்னேறுகிறான்' என்பதும் பொருந்தாது, ஜப்பானிய வினைக்கு ஆண்பால், பெண்பால், நான், நீ என்ற விகுதி எதுவும் இல்லை. நம் இலக்கணத்தில் செய்யும் என்னும் வாய்பாடு ஒன்று இருக்கிறதே, 'குதிரை ஓடும்' என்றால் முற்று, 'ஓடும் குதிரை' என்றால் பெயரெச்சம், அதுதான் மிக நெருங்கி வருகிறது. சுசுமுவும் இப்படித்தான் இரண்டு வேலையும் பார்க்கும். உமா கா சுசுமு என்றால் குதிரை முன்னேறும். சுசுமு உமா என்றால் முன்னேறும் குதிரை. (ஆம், ஜப்பானியத்தில் உமா என்றால் குதிரை. என்னிடம் படித்த உமா ஒருத்தி இதைக் கேட்டு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.) ஆகவே சுசுமு என்ற பெயரைத் தமிழில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'முன்னேறும்' என்று சொல்லுங்கள். வாக்கியம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும். ஜப்பானியருக்கு அப்படித் தோன்றாது.

இந்தச் சொல் ஏடுகளில் மட்டும் வாழ்கிற சொல் அல்ல. கடிகாரம் வேகமாக ஓடினால் அது சுசுமு. ஊறுகாய் நன்றாக இருந்து சோறு தானாக உள்ளே போனால் சாப்பாடு சுசுமு. ஒரு காரியத்தில் மனம் ஒட்டவில்லை என்றால் 'கீ கா சுசுமனை', மனசு முன்னே போக மாட்டேன் என்கிறது. சாலை கடக்கச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் சுசுமே. நம் பரமபதம் போலத் தாயக்கட்டை உருட்டி விளையாடும் சுகோரோகுவில் சில கட்டங்களில் 'மூன்று கட்டம் சுசுமு' என்று அச்சிட்டிருக்கும். இப்படிப்பட்ட ஒரு சொல்லைப் பிள்ளைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

நான் தோக்கியோவுக்குப் பக்கத்துச் சைத்தாமாவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஒரு மழைநாள் மாலை, உராவா ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி பிடித்தேன். 2023இல் விதியை மாற்றும் வரை அங்கே டாக்ஸிக்குள் ஓட்டுநரின் பெயரைப் பயணிக்குத் தெரியும்படி வைத்திருப்பது கட்டாயம். படத்தோடு கூடிய அந்த அட்டையில் குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. அந்த எழுத்து எனக்குத் தெரிந்ததுதான், சொற்களின் நடுவில் 'ஷின்' என்று ஒலிக்கும் எழுத்து. படித்த மிதப்பில் "உங்கள் பெயர் ஷின்-சானா?" என்று கேட்டேன். எழுபது வயது மதிக்கத்தக்க மனிதர். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்து, "சுசுமு" என்றார். பிறகு ஸ்டியரிங் மேல் விரலால் ஒவ்வொரு கோடாக எழுதிக் காட்டி, "ஷிம்போ என்ற சொல்லில் வரும் ஷின்" என்றார். ஷிம்போ என்றால் முன்னேற்றம். ஜப்பானியர் தொலைபேசியில் பெயர் சொல்லும்போதும் இப்படித்தான்: இன்ன சொல்லில் வரும் இன்ன எழுத்து என்று ஒரு விலாசம் கொடுப்பார்கள். வண்டியோ பத்து நிமிஷமாக ஒரே பாலத்தின் மேல் நிற்கிறது. அவரே சொன்னார்: "சுசுமு கா சுசுமனை நா." சுசுமு முன்னேற மாட்டேங்குறான் பாருங்க.

அந்த வாக்கியத்தில் இரண்டு சுசுமு இருந்தும் காதுக்கு இரண்டும் ஒன்றாக விழவில்லை. வினையாக வரும்போது சுசுமு தட்டையாகப் போகும், முதல் அசை மட்டும் சற்றே தாழ்ந்திருக்கும். ஆள் பெயராக வரும்போது முதல் 'சு' உயர்ந்து மற்ற இரண்டும் இறங்கும். மாமொரு, மினொரு போன்ற பிற வினைப் பெயர்களிலும் ஆள் பெயராக வரும்போது முதல் அசைதான் உயரும். எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. அதோடு, அந்த உகரத்தை உதடு குவித்துச் சொல்லக் கூடாது. 'காசு', 'பாக்கு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் நழுவுகிறதே நம் குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதைத்தான் மூன்று முறை சொல்ல வேண்டும். தமிழனுக்கு இது எளிது. பள்ளிக்கூடத்துக் குற்றியலுகரப் பாடம் எனக்கு உதவிய ஒரே இடம் சைத்தாமா.

இனி கண்ணுக்கு வருவோம். டாக்ஸிக்காரரின் எழுத்தில் 11 கோடுகள். அதில் 8 கோடுகள் சேர்ந்து குட்டைவால் பறவை ஒன்றைக் குறிக்கும். மிச்சம் 3 கோடுகள் இடப்பக்கம் ஆரம்பித்து அடியில் நீண்டு ஓடும், அது நடையையும் வழியையும் குறிக்கும் உறுப்பு. பறவையை முதலில் எழுதி, வழியைக் கடைசியில் அதன் காலடியில் இழுத்துவிட வேண்டும். பறவை பின்னால் நடக்காது, அதனால் முன்னேறுதல் என்று ஆசிரியர்கள் கதை சொல்வார்கள். பழஞ்சீன அகராதி வேறு காரணம் சொல்கிறது, பறவைக்குறி பார்த்துப் படை நகர்த்தியதால் வந்தது என்போரும் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மறக்காமல் இருக்க முதல் கதை போதும். இந்த எழுத்தை அந்த வகுப்பில்தான் சொல்லித் தருகிறார்கள். சீனத்திலிருந்து வந்த எழுத்து என்பதால் இதற்குச் சீன வழி ஓசை ஷின். ஜப்பானியர் தம்முடைய பழைய சொல்லான சுசுமுவையும் அதே எழுத்தின் மேல் ஏற்றிவிட்டார்கள். ஓர் எழுத்துக்கு இரண்டு ஓசை வந்தது இப்படித்தான். கொய்சுமி ஷின்ஜிரோ என்ற அரசியல்வாதியின் பெயரில் முதலில் வரும் ஷின் இந்தப் பறவை எழுத்துதான்.

ஓனோவின் சுசுமு இந்த எழுத்து அல்ல. மரபணு ஆய்வுக்காக 1987இல் மருத்துவ நோபல் பெற்ற தொனெகாவா சுசுமுவுக்குப் பறவை எழுத்து. இசைக்கலைஞர் ஹிராசாவா சுசுமுவுக்கும் அதே. மொழி அறிஞர் ஓனோவின் பெயரில் இருப்பது 10 கோடுகள் கொண்ட வேறோர் எழுத்து. அதன் அடியில் சூரியன். மேலே உள்ள பகுதி இன்று சுருங்கிப்போய் அடையாளம் தெரியாது. எலும்பில் பொறித்த பழஞ்சீன எழுத்துகளில் அது இரண்டு அம்புகள். கி.பி. 100 வாக்கில் தொகுத்த சீன அகராதி இதற்குத் தரும் விளக்கம் அழகானது: சூரியன் எழுகிறது, எல்லா உயிரும் முன்னேறுகின்றன. சீனரின் குறி நூலான யீஜிங்கில் 35ஆம் குறியின் பெயரும் இதே எழுத்துதான். பூமிக்கு மேலே ஒளி எழுவதை அது குறிக்கும். கி.பி. 265 முதல் 420 வரை ஆண்ட ஜின் வமிசத்தின் பெயரும் இதுவே. டாக்ஸிக்காரரின் சுசுமு நடந்து முன்னேறுகிறது. ஓனோவின் சுசுமு விடிந்து முன்னேறுகிறது.

இந்தச் சூரிய எழுத்தை நீங்கள் செய்தித்தாளில் வேறு ஓசையில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். முன்னாள் பிரதமர் அபே ஷின்சோவின் 'ஷின்' இதுதான். அவருடைய தந்தை ஷின்தாரோவின் பெயரிலும் இதே எழுத்து. தங்கள் இருவர் பெயரிலும் உள்ள இந்த எழுத்து, சோஷூ பகுதியில், ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் ஆட்சியை எதிர்த்துப் படை திரட்டிய தகாசுகி ஷின்சாகுவின் பெயரிலிருந்து எடுத்தது என்று அபேயே சொல்லியிருக்கிறார். தகாசுகி 1867இல், தன் இருபதுகளிலேயே இறந்தவர். ஆக, தமிழ் மேடைகளில் நாம் சொல்லும் சுசுமுவும் உலகம் சொன்ன ஷின்சோவும் எழுத்தளவில் பங்காளிகள். காதை மட்டும் நம்பினால் இது ஒரு நாளும் தெரியாது.

இன்னும் இருக்கிறது. ஹார்வர்டில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்த ஜப்பானிய இலக்கண அறிஞர் ஒருவரின் பெயரும் குனோ சுசுமு. அவரும் மொழியியலாளர், இவரும் மொழி அறிஞர், பெயரும் ஒன்று. எழுத்து வேறு! குனோவின் பெயரில் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் வேறு ஓர் உறுப்பு. ஒளி என்ற பொருள் தரும் அரிய எழுத்து அது. முன்னேறுதல் என்ற பொருள் அந்த எழுத்துக்குள் நேராக இல்லை, ஓசைதான் அதைக் கொண்டு வருகிறது. பிறகு, ஊக்குவித்தல் என்று பொருள்படும் எழுத்தில் எழுதும் சுசுமுவும் உண்டு. மாணவர் உதவித்தொகைக்கான ஜப்பானியச் சொல்லில் வருவது அந்த எழுத்துதான். திருந்து, திருத்து என்று தன்வினை, பிறவினை நமக்கு இருப்பதுபோல அவர்களுக்குச் சுசுமு, சுசுமெரு. முன்னேறு, முன்னேற்று. முன்னேற்றுவது ஊக்குவிப்பதாகி, ஊக்குவிக்கும் எழுத்தும் இந்தப் பெயருக்குள் நுழைந்துவிட்டது. 'நட' என்ற எழுத்தைப் போட்டு சுசுமு என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

பெயர்ப்பொருள் சொல்லும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இதனால்தான். சுசுமு = முன்னேற்றம் என்று ஒரு வரியில் எழுதிவிடுவார்கள். எந்த சுசுமு என்று கேட்காமல் பொருள் சொல்ல முடியாது.

எந்த எழுத்தையும் போடலாமா என்றால், முடியாது. பிள்ளைப் பெயருக்கு இன்ன எழுத்துகள்தான் என்று 1948 முதல் சட்டம் இருக்கிறது. முதலில் பொதுப் பயன்பாட்டுக்கு வரையறுத்த 1,850 எழுத்துகள் மட்டுமே அனுமதி. ஓனோவின் சூரிய எழுத்து அதில் இல்லை. 1951இல் பெயர்களுக்கென்று 92 எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்தபோது அதுவும் உள்ளே வந்தது. அபே ஷின்சோ 1954இல் பிறந்தார்; நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால் அந்த எழுத்தைப் பதிந்திருக்க முடியாது. இன்று இரண்டு பட்டியலும் சேர்ந்து 2,999 எழுத்துகள். வேடிக்கை என்னவென்றால், எழுத்துக்கு இவ்வளவு கெடுபிடி செய்த குடும்பப் பதிவேட்டில் அந்த எழுத்தை எப்படிப் படிப்பது என்ற விவரம் பல தலைமுறைகளாக இல்லவே இல்லை. 2025 மே 26 முதல்தான் ஓசையையும் பதிவேட்டில் சேர்க்கிறார்கள்.

சரி, வினைச்சொல்லையே ஆளுக்குப் பெயராக வைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 814இல் சாகா பேரரசர், அரண்மனைச் செலவு கட்டுப்படியாகாமல், தம் பிள்ளைகள் பலரை அரச குடும்பத்திலிருந்து விலக்கி 'மினமோத்தோ' என்ற குடும்பப் பெயரைக் கொடுத்தார். அவர்களில் ஆண்பிள்ளைகளுக்குச் சீன பாணியில் ஒற்றை எழுத்துப் பெயர்கள். எழுத்து சீனம், ஓசை ஜப்பானியம். ஒருவர் மக்கொத்தோ, அதாவது வாய்மை. ஒருவர் சதாமு, அதாவது தீர்மானிக்கும். ஒருவர் தோரு, ஊடே செல்லும். இந்தத் தோரு பின்னாளில் இடப்பக்க அமைச்சராகி, கியோத்தோவில் கட்டிய மாளிகைக்காகவே பேசப்பட்டவர். அவர் மகன் பெயர் நொபோரு, ஏறும். இந்த வழியில் வந்த வாத்தனாபெ குடும்பத்தாரும் கியூஷுவின் மத்சுரா குடும்பத்தாரும் ஒற்றை எழுத்துப் பெயரைக் குலச் சின்னம் போலவே தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

அதே சாகா வழியில் 911இல் பிறந்தவர் மினமோத்தோ நோ ஷித்தகோ. ஜப்பானியச் சொற்களைத் துறைவாரியாகத் தொகுத்த பழைய அகராதி ஒன்றைச் செய்தவர். ஷித்தகோ என்றால் பின்பற்றும். ஓனோவும் அகராதிக்காரர், 1974இல் வெளிவந்த பழஞ்சொல் அகராதியின் தொகுப்பாசிரியர்களில் ஒருவர். பின்பற்றும் என்ற பெயர்க்காரருக்கும் முன்னேறும் என்ற பெயர்க்காரருக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. தொழில் ஒன்றுதான்.

இந்தப் பெயர்களில் சில, பேச்சுமொழியில் செத்துப்போன வடிவத்தைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. தெசுகா ஒசாமுவை எடுத்துக்கொள்ளுங்கள், ஜப்பானியச் சித்திரக்கதைகளின் தலைமகன். ஒசாமு என்பது ஆளும், சீராக்கும் என்ற பொருளில் பழைய வினைமுற்று. இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை, ஒசமெரு என்பார்கள். அவர் 1928 நவம்பர் 3இல் பிறந்தார். மெய்ஜி பேரரசரின் பிறந்தநாள் அது, ஆகவே 'மெய்ஜி'யின் இரண்டாம் எழுத்தையே எடுத்து ஒசாமு என்று வைத்தார்கள். பின்னாளில் பூச்சிப் பைத்தியம் பிடித்த அந்தப் பையன், ஒசாமுஷி என்றொரு வண்டு இருப்பது தெரிந்து, தன் பெயரின் கடைசியில் 'பூச்சி' என்ற எழுத்தைத் தானே சேர்த்துக்கொண்டான். ஓசை மாறவில்லை, அதே ஒசாமு. சுசுமு அதிர்ஷ்டசாலி, பழைய வடிவமும் இன்றைய வடிவமும் ஒன்றாகவே நின்றுவிட்டது.

அந்தப் பழைய சுசுமுவின் பொருளில் மட்டும் ஒரு நிழல் வேறு. எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலான மான்யோஷூவின் மூன்றாம் தொகுதியில், பயணம் புறப்படுகிறவனுக்கு ஒரு பெண் சொல்லும் சிறு பாட்டு இருக்கிறது. வீட்டை நினைத்து மனசை முந்தவிடாதே, காற்றைப் பார்த்துப் போ, அந்த வழி முரடு என்கிறாள். அங்கே 'கொக்கொரோ சுசுமு நா' என்று வருகிறது. கொக்கொரோ மனம். மனம் சுசுமு ஆகக் கூடாது என்கிறாள், அதாவது துடித்து முந்திக்கொள்ளக் கூடாது. வாழ்க்கையில் முன்னேறுவது, பதவியில் உயர்வது எல்லாம் அப்புறம் வந்த அர்த்தங்கள். சுறுசுறுப்பு நண்பருக்கு ஏதாவது ஆறுதல் பரிசு கொடுக்க வேண்டும் என்றால் இந்த வரியைக் கொடுக்கலாம்.

சாதாரண ஜனங்கள் இப்படிப் பெயர் வைத்துக்கொண்டது வெகு பின்னால். 1868இல் மெய்ஜி காலம் தொடங்கும் வரை ஓரளவு அந்தஸ்துள்ள ஆணுக்குச் சிறுவயதுப் பெயர், ஊர் கூப்பிடும் பெயர், உள்ளே வைத்த உண்மைப் பெயர் என்று பல இருக்கும். உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. 1872இல் அரசு, ஆளுக்கு ஒரு பெயர்தான், இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது என்றது. அதற்குச் சற்று முன்பே, பல பெயர் இருந்த குழப்பத்தில் நடந்த கூத்துகளில் பிரபலமானது, ஷோகுன் ஆட்சியைக் கவிழ்த்த தலைவர்களில் ஒருவரான சைகோ தகாமோரியுடையது. அவரை எல்லோரும் கிச்சினோசுகெ என்றே கூப்பிட்டுப் பழக்கம். உண்மைப் பெயர் என்ன என்று கேட்டபோது நண்பர் நினைவுப் பிசகில் அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டார். வரலாறு இன்றுவரை அவரை அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறது. இந்தப் புதிய ஒரு-பெயர் உலகத்தில், எழுத எளிதான, சொல்லக் கம்பீரமான ஒற்றை எழுத்துப் பெயர்கள் வீட்டுக்கு வீடு பரவின.

சுசுமுவுக்கு ஒரு காலம் மிக அதிக மவுசு இருந்தது, அது போர்க்காலம். மெய்ஜி யாசுதா காப்பீட்டு நிறுவனம் 1912 முதலான பிறப்பாண்டுகளுக்குப் பெயர் வரிசை வெளியிடுகிறது. 1940களின் முற்பகுதியில் மசாரு (வெல்லும்), இசாமு (வீறுகொள்ளும்), சுசுமு ஆகியவை அதில் முன்வரிசையில் நிற்கும். 1933இல் வந்த ஒன்றாம் வகுப்புப் பாடநூலிலேயே 'சுசுமே சுசுமே ஹெய்தாய் சுசுமே' என்ற வரி உண்டு: முன்னேறு, முன்னேறு, சிப்பாயே முன்னேறு. அந்த வரியை உரக்கப் படித்து எழுத்து கற்ற தலைமுறை வளர்ந்து போருக்குப் போனது. அந்த ஆண்டுகளில் வைத்த சுசுமுவில் இந்த நெடி இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் ஓனோ பிறந்தது 1919, தோக்கியோவின் ஃபுகாகாவா பகுதியில். அவர் பெயரில் இருப்பது சூரியன் எழும் எழுத்து. ஆகவே 'போர் முழக்கப் பெயர்' என்று கட்டுரையில் தவறியும் எழுதிவிடாதீர்கள். இன்னொருவர் அப்படி எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் உறவு பற்றிச் சுருக்கமாக. காக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஓனோ, அறுபது வயதை ஒட்டித்தான் தமிழுக்கு வந்தார். யாழ்ப்பாணத்து அறிஞர்களான அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு இணைந்து உழைத்தார்கள். பெரும்பாலான மொழியியலாளர்கள் அவருடைய முடிவை ஏற்கவில்லை, 2008இல் அவர் இறக்கும் வரை அந்த விவாதம் ஓயவும் இல்லை. எது எப்படியானாலும், அவர் காதுக்கு ஒத்த இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்து உறவு கொண்டாடவில்லை. இந்த ஓசை இங்கே வந்தால் அந்த ஓசை அங்கே வர வேண்டும் என்று வரிசையாகக் காட்ட முயன்றார். சுறுசுறுப்பு நண்பர் செய்தது அந்த வேலை அல்ல.

இன்று அங்கே மகப்பேறு வார்டில் சுசுமு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் தாத்தாக்களாகத்தான் இருக்கும். குழந்தைகள் ஹருத்தோ, மினாத்தோ, ரென் என்று ஆகிவிட்டார்கள். வினைப் பெயர்களில் வாத்தரு (கடக்கும்), அயுமு (நடக்கும்) போன்ற சில மட்டும் இன்னும் கொஞ்சம் இளமையாக இருக்கின்றன.

கட்டுரை எழுதும்போது இரண்டு விஷயம். ஜப்பானியத்தில் குடும்பப் பெயர்தான் முதலில், ஓனோ சுசுமு. சுசுமு ஓனோ என்பது ஆங்கில வழியாக நமக்கு வந்த வரிசை, எழுதலாம், தவறில்லை. ஆனால் ஓனோவில் அந்த முதல் நெடிலை விட்டுவிடாதீர்கள். நெடிலோடு ஓனோ என்றால் பெருவெளி, குறிலோடு ஒனோ என்றால் சிறுவெளி, இரண்டும் வேறு குடும்பம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். தமிழில் ஒகரமும் ஓகாரமும் தனித்தனியே இருப்பதால் நம்மால் சரியாக எழுத முடியும். பாடகி யோக்கோவை நாம் ஓனோ என்று எழுதுவதுதான் பிழை, அவர் ஒனோ.

இன்னொன்று, "சுசுமு கூறுகிறார்", "சுசுமுவின் கருத்துப்படி" என்று எழுதாதீர்கள். நமக்கு ஆளின் பெயர்தான் பெயர், முன்னால் நிற்பது இனிஷியல். அவர்களுக்கு வெளியாள் கூப்பிடும் பெயர் குடும்பப் பெயர். ஒரு முதிய பேராசிரியரைச் சுசுமு என்று எழுதினால், அவருடைய அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும். ஓனோ என்று எழுதுங்கள். நேரில் பார்த்திருந்தால் ஓனோ-சென்செய், அதாவது ஓனோ ஆசிரியர், என்றுதான் அழைத்திருப்பீர்கள்.